எழுபத்தேழில் முடியும் மெஷின்

பிப்ரவரி 8

அக்கா,

கையால் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைவில்லை. உன் போனில் என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். மெயில் அனுப்பினாலும் திறக்கமாட்டாய். அதனால்தான் தபால். கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடு.

விசாரணைக் குழுவிலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். கடைசி விசாரணை ஏப்ரல் 24. உன் நர்ஸ் பதிவை ரத்து செய்வதா வேண்டாமா என்று அன்றைக்கு முடிவு செய்வார்களாம். அக்டோபரில் நான் கொடுத்த வாக்குமூலத்தை உறுதி செய்து மறுபடி கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள்.

நான் எழுதியது உனக்குத் தெரியும். "இந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கை ஆறு வருடம் பராமரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். வார்டு மானிட்டர்களிலிருந்து நர்ஸ் மேஜைக்குப் போகும் பாதையில் எந்தக் கோளாறும் இல்லை." அதில் என்ன பொய் இருக்கிறது? அப்பா இறந்தபோது அவர் கட்டிலில் இருந்த மானிட்டரைப் பழுது பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோய் அங்கே இருக்கிற நெட்வொர்க் சுவிட்சில் செருகிச் சோதித்தார்கள். அலாரம் கணீரென்று அடித்தது. மெஷினில் குறை இல்லை, நெட்வொர்க்கில் குறை இல்லை என்றால், மீதி இருப்பது மேஜையில் இருந்த ஆள்தான்.

உன் வார்டிலேயே சேர்க்கலாம் என்று சொன்னவன் நான். அப்போது நான் வேறு வேலைக்காக ஊர் விட்டு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போனில் அவரிடம், "அக்கா பக்கத்துலயே இருக்கா, நீங்க ஏம்பா பயப்படறீங்க?" என்று கேட்டேன்.

சண்டை போட எழுதவில்லை. ஒப்புக்கொண்டுவிடு. தொடர்ந்து வேலை, களைப்பு, கண் அசந்துவிட்டேன் என்று சொல். இருபத்திரண்டு வருஷ வேலைக்காகக் கொஞ்சம் இரக்கம் காட்டுவார்கள். பிடிவாதம் பிடித்தால் எல்லாமே போய்விடும்.

தம்பி


பிப்ரவரி 21

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கிழித்தேன். அப்புறம் மனசு கேட்காமல் ஒட்டினேன். வீட்டில் காயத்துக்கு ஒட்டும் டேப்தான் இருந்தது. உன் கடிதத்துக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நாற்பது தடவை சொன்னதை உனக்காக நாற்பத்தியோராவது தடவை சொல்கிறேன். மதியம் மூன்று பத்துக்கு அப்பாவைப் பார்த்தேன். பிரஷர் எடுத்தேன், போர்வையைச் சரி செய்தேன். அவர் இருந்தது கண்ணாடி அறை. தொற்று வரக்கூடாது என்று கதவு எப்போதும் மூடியிருக்கும். உள்ளே மெஷின் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. அதற்காகத்தானே மேஜையில் மணி வைத்திருக்கிறார்கள்? அப்போது நான்காம் கட்டில்காரர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். நானும் சின்ன நர்ஸும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, ரத்தத்தை நிறுத்தி, தையல் போட டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். மேஜையிலிருந்து பத்தடி தூரம்தான். திரையைப் பார்க்க முடியாது, ஆனால் மணி அடித்திருந்தால் கேட்டிருக்கும். அடிக்கவில்லை. மூன்று நாற்பதுக்குக் கண்ணாடிக் கதவைத் திறந்தேன். உள்ளே மெஷின் அலறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் முகத்தில் அறைந்தது. அப்பாவின் கை ஏற்கெனவே குளிர்ந்திருந்தது.

மேஜைக் கம்ப்யூட்டரில் அலாரம் வந்த பதிவே இல்லை, பாருங்கள் என்று குழுவிடம் சொன்னேன். "நீங்களே அழிச்சிருக்கலாமே?" என்கிறார்கள். எனக்கு அதை எப்படித் திறப்பது என்றே தெரியாது. கூடப் பிறந்த தம்பியே நெட்வொர்க்கில் குறை இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு யார் நம்புவார்கள்?

உன் இடத்துக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். சுருள் முடி, அதனால் வார்டில் எல்லோரும் அவளைச் சுருட்டை என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளுக்கும் பிடித்திருக்கிறது. குழு கேட்டதால் சுவிட்சில் இருக்கிற அனுமதிப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாளாம். குழுவில் ஒருத்தரும் படிக்கவில்லை, அப்படியே கோப்பில் கட்டிவிட்டார்கள். அதில் ஒரு பிரதி எனக்கும் கொடுத்தாள். எனக்கு அது தலையா காலா என்று புரியவில்லை. பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

10. டினை. எழுபத்தேழில் முடியும் முகவரி. அலாரம். 1412 மேட்சஸ்.
20. பெர்மிட். வார்டு மானிட்டர்கள் எல்லாம், நர்ஸ் மேஜைக்கு. (இதற்குப் பக்கத்தில் உள்ள எண் ஒரு வரி நீளம் இருக்கிறது, எழுதக் கை வலிக்கிறது.)
30. டினை. விருந்தினர் வைஃபை.

அந்த 1412 என்ன, லாட்டரி நம்பரா? இருந்தால் சொல், எனக்கு இப்போது வேறு வேலை இல்லை.

உன் சோதனையில் தேறிய மெஷின் இருக்கிறதே, போன திங்கள்கிழமை அதன் முத்திரையை உடைத்து மறுபடி கண்ணாடி அறையிலேயே மாட்டிவிட்டார்களாம். நுரையீரல் ஆபரேஷன் ஆன ஒரு டிரைவர் அதன் கீழ் படுத்திருக்கிறார் என்று சின்ன நர்ஸ் சொன்னாள். மெஷினுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

தூங்காத அக்கா


மார்ச் 3

அக்கா,

முதலில் இதைப் படி: டிரைவர் உயிரோடு இருக்கிறார். அந்த மெஷினைக் கழற்றிவிட்டார்கள்.

உன் கடிதம் வந்தபோது காலை பத்தரை. சமையல் மேடையில் சாய்ந்து நின்று படித்துக்கொண்டிருந்தேன். நீ எழுதியிருந்த பட்டியலின் முதல் வரியை, எழுபத்தேழு என்கிற இடத்தை, திரும்பத் திரும்பப் படித்தேன். டிரைவர் பற்றிய வரிக்கு வந்ததும் கடிதத்தைக் கீழே வைத்தேன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன்.

சுருட்டை எடுத்தாள். "யாரு சார் நீங்க?" என்று இரண்டு தடவை கேட்டாள். "நான் யாருங்கறது அப்புறம். கண்ணாடி அறைக்கு ஓடு. பேஷன்ட் விரல்ல மாட்டியிருக்கற கிளிப்பைக் கழட்டச் சொல்லிட்டு, நர்ஸ் மேஜைப் பக்கத்துல நின்னு மணி அடிக்குதான்னு கேளு" என்றேன். போனைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். அவள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. யாரோ கதவைத் திறந்தார்கள், மூடினார்கள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாக, "சார், திரையில கோடு படுத்துடுச்சு சார். மேஜை ஊமையா இருக்கு சார்" என்றாள்.

அக்கா, அந்த வரியைப் போட்டவன் நான்.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். சுவிட்ச் என்பது எல்லா வயர்களும் வந்து சேரும் பெட்டி. வாசலில் நிற்கிற காவலாளி மாதிரி அதற்கும் ஒரு பட்டியல் கொடுத்து வைப்போம். பெர்மிட் என்றால் இன்னாரை உள்ளே விடு, டினை என்றால் இன்னாரை விடாதே. அது மேலிருந்து கீழே படிக்கும். பொருந்துகிற முதல் வரியைப் பார்த்ததும் நிறுத்திவிடும், அதற்குக் கீழே படிக்காது. இரண்டாம் வரி எல்லா மானிட்டரையும் விடச் சொல்கிறது. ஆனால் எழுபத்தேழில் முடியும் முகவரி முதல் வரியிலேயே மாட்டிக்கொள்ளும். அந்த முகவரி ஒரே ஒரு மெஷினுக்கு உரியது. எந்தக் கட்டிலுக்குப் போனாலும் அந்த மெஷின் முகவரியைத் தன்னோடு தூக்கிக்கொண்டே போகும். நான் அலாரத்தை மட்டும் தடுத்திருந்தேன். அதனால் திரையில் படம் வரும், மணி அடிக்காது. பட்டறை சுவிட்சில் இந்தப் பட்டியல் கிடையாது. அங்கே அடிக்காமல் எப்படி இருக்கும்?

போன ஜூனில் அந்த மெஷின் பழுதாகி, ஆளில்லாத கட்டிலில் இருந்தபடி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. அணைத்தாலும் யாராவது தெரியாமல் மறுபடி போட்டுவிடுவார்கள், அதனால் பட்டறைக்குப் போகும்வரை ஒரு நாள் அடக்கி வைக்கலாம் என்று நானாகவே அந்த வரியைப் போட்டேன். மாற்றம் செய்தால் படிவம் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு வரிதானே என்று எழுதவில்லை. மறுநாள் மெஷினைக் கொண்டுபோனார்கள். வரியை எடுக்க மறந்தேன். ஜூலையில் இந்த வேலைக்கு வந்தபோது அறுபத்துமூன்று விஷயங்களைப் பட்டியல் போட்டு ஒப்படைத்தேன். இது அதில் இல்லை. மெஷின் சரியாகித் திரும்பி வந்தது, அப்பாவின் கட்டிலுக்குப் போயிற்று.

1412 என்பது அந்த வரி தடுத்த அலாரங்களின் எண்ணிக்கை. யாராவது வந்து அமர்த்தும்வரை அது நொடிக்கு ஒரு தடவை கூப்பிடும். வரியைப் போட்ட அன்று அது வேலை செய்கிறதா என்று பார்த்தேன். 31 என்று காட்டியது. "அடங்கிட்டியா?" என்று அதைப் பார்த்துச் சிரித்தேன். அதோடு சத்தத்தை அமர்த்தி மெஷினையும் அணைத்துவிட்டேன். மீதியைக் கணக்குப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அந்த வார்த்தை சின்னதாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 14

நான் போட்டேன், கணக்கு.

1412இல் 31 போக 1381. இருபத்துமூன்று நிமிஷம், ஒரு நொடி. நான் கதவைத் திறந்தது மூன்று நாற்பது. அப்படியென்றால் மூன்று பதினேழுக்கே அது கூப்பிட ஆரம்பித்திருக்கிறது. அப்போது நான் நான்காம் கட்டில்காரரின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, சின்னக் காயம்தான்" என்று அவரைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

சேர்த்த அன்றைக்கு அப்பா அந்த மெஷினை மேலும் கீழும் பார்த்தார். காலமெல்லாம் பஸ் இன்ஜின் பிரித்துப் போட்டவர் இல்லையா, எந்த மெஷினையும் கேள்வி கேட்காமல் விடமாட்டார். "இது யாருக்கும்மா சொல்லும்?" என்றார். "எனக்குத்தாம்பா சொல்லும்" என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார்.

செத்த வீட்டில், அத்தனை பேர் பார்க்க, "தூங்கிட்டியாக்கா?" என்று கேட்டாய். அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, கேள். ஆறு மாதமாக எனக்கே சந்தேகம். நிஜமாகவே தூங்கிவிட்டேனோ? மணி அடித்தது, காதில் விழவில்லையோ? குளியலறைத் தரையில் மண்டியிட்டது, ரத்தம் துடைத்தது எல்லாம் நானாகக் கற்பனை செய்துகொண்டதோ என்றுகூட நினைத்திருக்கிறேன். சின்ன நர்ஸைக் கூப்பிட்டு, "நாம அவரைத் தூக்கினோம்தானே?" என்று கேட்டேன். அவள் அழுதுவிட்டாள். நீ என் தம்பி என்று சொல்லவே கூசுகிறது.

இதோடு நிறுத்தி உறையில் போட்டு ஒட்டுகிறேன்.


மார்ச் 16

உறையைப் பிரித்து எழுதுகிறேன்.

நேற்று சுருட்டை வீட்டுக்கு வந்தாள். நீ போன் செய்த அன்றைக்கு, அந்த வரியை நீக்குவதற்கு முன் சுவிட்சில் இருந்ததை முழுசாக அச்செடுத்து வைத்திருக்கிறாள். என்னிடம் முதலில் கொடுத்த தாளில் வெறும் எண்ணிக்கைதான் இருக்குமாம், எழுதினவர்கள் போட்ட குறிப்பு இருக்காதாம். இதில் இருக்கிறது. உன் வரிக்கு மேலே ஒரு குறிப்பு, ஆங்கில எழுத்தில் நம் பேச்சில். நீட்டினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா கேட்டது. தற்காலிகம். மெஷின் போனதும் எடுக்கணும்."

நடையில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்தாள்.

போன ஜூன், கேன்டீனில் ஜன்னலோர மேஜை. காகிதக் கப்பில் டீ. எனக்குத் தலைவலி. நான் சொன்னது அச்சு அசலாக ஞாபகம் வந்துவிட்டது. "டேய், ஒன்பதாம் கட்டில் மெஷின் காலையிலேர்ந்து உயிரை வாங்குது. அதோட வாயை மூடேன்." நீ, "ஃபார்ம் எழுதிக் குடு" என்றாய். நான், "கூடப் பிறந்தவ கேட்டா ஃபார்மா? போடா பெரிய இன்ஜினியர்" என்று உன் தலையில் தட்டினேன். நீ டீயை முடிக்காமலே எழுந்து போனாய். நான் உன் டீயையும் சேர்த்துக் குடித்தேன். பத்து நிமிஷத்தில் வார்டு அமைதியாகிவிட்டது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

இது எனக்கு ஏன் ஞாபகமே வரவில்லை? நாற்பது தடவை அந்த நாளைச் சொன்னேனே, ஒரு தடவைகூட ஜூன் மாதத்தை யோசிக்கவில்லையே?

"நானாகவே" என்று எழுதியிருக்கிறாய். ஏன் பொய் சொன்னாய்?


மார்ச் 27

அக்கா,

கேன்டீனில் நீ கேட்டது எனக்கு முதல் நிமிஷத்திலேயே ஞாபகம் வந்தது. உனக்கு வர வேண்டாம் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

குழுவுக்குப் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். பழைய வாக்குமூலம் தவறு, பாதையை அடைத்தவன் நான், படிவம் எழுதாதவனும் நான், யாரும் என்னை அப்படிச் செய்யக் கேட்கவில்லை என்று. இங்கே மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். சுவிட்ச் பக்கம் போகாதே என்று என்னைக் கிடங்குக் கணக்கெடுப்புக்கு மாற்றியிருக்கிறார். அது சரிதான்.

சுருட்டையிடம் பேசினேன். அந்தக் குறிப்பு இருக்கிற பக்கத்தைக் குழு கேட்கவில்லை. சுவிட்சிலும் இப்போது அந்தக் குறிப்பு இல்லை, வரியோடு சேர்த்துப் போய்விட்டது. இருக்கிற ஒரே பிரதி உன் கையில் இருப்பதுதான். கிழித்துவிடு. இந்தத் தடவை ஒட்டாதே.

"அலாரத்தை நிறுத்தக் கேட்டாள்" என்ற ஒரு வார்த்தை போதும் அவர்களுக்கு, உன் பதிவு போய்விடும். நீ தலைவலியில் ஒரு வார்த்தை சொன்னாய். எப்படி அடைப்பது என்று தெரிந்தவன் நான், எடுக்க வேண்டியவனும் நான். சின்ன வயதில் நான் உடைத்ததற்கெல்லாம் அப்பாவிடம் நீதானே திட்டு வாங்குவாய்? ஒரே ஒரு தடவை எனக்கு விட்டுக்கொடு.

கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பிக்கு,

முந்தாநாள் விசாரணை முடிந்தது. நீண்ட மேஜை, ஐந்து பேர், ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். உன் கடிதத்தைத் தலைவர் உரக்கப் படித்தார். சுருட்டை எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். விரல் கிளிப்பைக் கழற்றினதும் மேஜை ஊமையாக இருந்ததைச் சொன்னபோது அவர்களில் ஒரு அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தலைவர் என்னைப் பார்த்து, "உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திட்டோம். உங்க பதிவுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். எழுந்து கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான் பாக்கி.

பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். சுருட்டை என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "இதை யாரும் கேக்கலையேம்மா. எதுக்குக் குடுக்கறீங்க?" என்றார்.

"நான் தூங்கலைன்னு எழுதுங்க. வாயை மூடச் சொன்னது நான்தான்னும் எழுதுங்க. ரெண்டும் நடந்தது" என்றேன். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

தூங்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டை நீக்கிவிட்டார்கள். விதியை மீறி அலாரத்தை நிறுத்தக் கேட்டதற்காக ஆறு மாதம் பதிவு நிறுத்தம். உன்னைப் பற்றி உன் கம்பெனிக்கு எழுதப் போகிறார்களாம். வெளியே வந்ததும் சுருட்டை என்னைத் திட்டினாள். "உங்களை யாருக்கா கேட்டா?" என்றாள். அப்பா கேட்டார் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? இது யாருக்கும்மா சொல்லும் என்று கேட்டாரே. அவருக்குப் பதில் சொன்னவள் நான்தானே?

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. இருக்கிறது. என்மேலும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு காலையில் எழுந்து பல் தேய்க்கிறேன்.

உன் நம்பரை இன்னும் திறக்கவில்லை. ஆனால் உன்னை மாதிரி மறக்கமாட்டேன். ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். "தம்பி நம்பருக்கு அடைப்பு. தற்காலிகம். செப்டம்பர் 19, காலையில் எடுக்கணும்." தேதி போட்டிருக்கிறேன், பார். சின்ன நர்ஸிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நான் மறந்தால் அவள் ஞாபகப்படுத்துவாள்.

அப்பா போய் அன்றைக்கு ஒரு வருஷம். மதியம் சரியாக மூன்று பதினேழுக்குக் கூப்பிடு. நான் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

அக்கா